ஒன்றே கால் டெசிபல் லாபம்

நவ. 17, திங்கள்

மழை. பின்வாசல் வரை தண்ணீர். இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்பது, நோட்டிடம்தான். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

வேலைகள்:
– ஆய்விதழுக்குக் கட்டுரையின் கடைசிப் பிரதி. மூன்றாவது படம் பெரிதாக வேண்டுமாம். வெள்ளிக்குள்.
– பாப்பாவுக்குச் சளி மருந்து.
– ஜெசிக்கு போன். அடுத்த திங்கள் அவளுக்குப் பெங்களூரில் பிஎச்.டி. இண்டர்வியூ. எம்.டெக்.கில் ஒன்றாகப் படித்தோம், கட்டுரையும் எங்கள் இருவர் பேரில்தான்.

காலையில் பால்வாடி டீச்சர் பிடித்துக்கொண்டார். எண்ணச் சொன்னால் பாப்பா "லாபம், ரெண்டு, மூணு" என்கிறாளாம். மாமனார் கடலைக் கடையில் மல்லாட்டை அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. "வூட்ல ஒண்ணுன்னு யாரும் சொல்லித் தர்லியா?" டீச்சர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வரும் வழியெல்லாம் கூச்சம்.

நவ. 18, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். துணி காயவில்லை.

கடையில் மாமா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். சிக்னல் இல்லாத இடத்திலும் போன் பேச மருமகள் கண்டுபிடித்திருக்கிறாளாம். மல்லாட்டை வாங்க வந்தவர்: "அப்ப எங்க வூட்டாண்ட மொதல்ல எடுக்கச் சொல்லுபா. மாடி ஏறினாத்தான் எடுக்குது."

மாமாவுக்கு எப்படி விளக்குவது? எழுதிப் பார்க்கிறேன். அனுப்பும் செய்தியில் சில பிட் வழியில் இரைச்சலால் மாறிப்போகும். திருத்திக்கொள்வதற்காகக் கூடவே காவல் பிட்டுகள். மூன்று செய்திக்கு மூன்று காவல். அதில் இரண்டை விட்டுவிட்டால் ஆறு போகும் இடத்தில் நான்கு போதும், சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் பிழை கூடும். எந்த இரண்டை விட்டால் குறைவாகக் கூடும் என்பது ஜெசியின் யோசனை. கம்ப்யூட்டரில் இரைச்சல் கலந்து ஓட்டிப் பார்த்தது நான். மற்றவர்கள் முறையைவிட எங்களுக்கு ஒன்றே கால் டெசிபல் லாபம்: அவ்வளவு குறைந்த சிக்னலிலும் அதே பிழைதான். அதுதான் கட்டுரை, அவ்வளவுதான்.

பிறகு, படத்தைப் பெரிதாக்க புரோகிராமைத் திறந்தேன். இரைச்சல் கலக்கும் வரி, நாய்ஸ். அதில் ரேட் முக்கால் (நான்கில் மூன்று செய்தி) என்று இருக்க வேண்டும். ஒன்று என்று இருக்கிறது. பக்கத்தில் நானே எழுதியது: அப்புறம் மாத்தணும்.

மூன்று பேருக்கு வடித்த சோற்றை நான்கு பேருக்குப் பரிமாறியிருக்க வேண்டும். நான் நாலு பேர் சோறு வடித்துவிட்டு, பாருங்கள், யாருக்கும் பசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்றுக்கும் முக்காலுக்கும் உள்ள வித்தியாசம் டெசிபலில் எவ்வளவு? ஒன்றே கால். அச்சு அசல் அதே.

ஒன்றை லாபம் என்று எண்ணியது பாப்பா மட்டும் இல்லை.

நவ. 19, புதன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். மடியில் போட்டுக்கொண்டு, ரேட்டை மாற்றி மறுபடி ஓட்டினேன். படத்தில் எங்கள் கோடு மற்றவர்கள் கோட்டின் மேலேயே விழுகிறது, லாபமே இல்லை. மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும்.

திருபுவனை ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த பாப்பாவின் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "யாரு பாக்கப் போறா? உங்க கைடு சாரே பாத்துட்டாரு இல்ல." அந்த ஒரு நிமிஷம் மனசு லேசானது நிஜம். அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

இன்னொன்று. அவரிடமும் சொல்லவில்லை. போன மாதம் ஜெசி போனில் கேட்டாள்: "நாய்ஸ்ல ரேட் மாத்தினியாடி?" மாத்திட்டேன், பாத்துட்டேன் என்றேன். பார்க்கவே இல்லை. பாப்பா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய். குழந்தை வந்ததும் இவளுக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று நினைக்கிறாளோ என்ற ரோஷம். அவள் ஒன்றும் அப்படி நினைக்கிறவள் இல்லை.

நவ. 20, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. ரசம் சாதம் நாலு வாய்.

கிருமாம்பாக்கத்திலிருந்து ஜெசி கூப்பிட்டாள். இண்டர்வியூவுக்கு ஒத்திகை, நான் கேள்வி கேட்க வேண்டுமாம். பின்னால் அவள் அம்மா, அயர்ன் பண்ணக் கொடுத்த புடவை வந்துவிட்டதா என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வேலையில் முக்கியமானது எது என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

"போர்டாண்ட போய் அந்தக் கோட்டத்தான்டி மொதல்ல வரைவேன். ஒண்ணே கால். மத்ததெல்லாம் அப்புறம்."

நல்லா பண்ணுடி என்றேன். வைத்த பிறகு அரை மணி நேரம் அரிசி களைந்தேன் போல. அத்தை வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு ஞாயிறு ராத்திரி பஸ். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

நவ. 21, வெள்ளி

தூறல். காலையிலேயே சாருக்கு மெயில்: தப்பு என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ஒரே வரியில் பதில். செய்துவிடலாம், ஜெசியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாமாவிடமும் சொன்னேன். அளவுல தப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாயங்காலம், மாடி ஏறினால்தான் சிக்னல் என்றவர் வந்து கேட்டபோது, "இன்னும் வேல நடக்குதுபா" என்று என் பக்கம் பார்க்காமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

போனில் சொன்னால் குரலை வைத்தே குறைத்துச் சொல்லிவிடுவேன். அதனால் எழுத்தில். இங்கே எழுதி, அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

ஜெசி, நம்ம ஒன்றே கால் டெசிபல் இல்லை. நாய்ஸ் வரியில் ரேட் ஒன்றாகவே இருந்திருக்கிறது. போன மாசம் நீ கேட்டப்ப மாத்திட்டேன்னு சொன்னேன். பாக்காமலே சொன்னேன். பாப்பா மேல பழி போட மாட்டேன். சரியா ஓட்டின கோடு இதோட இருக்கு, மத்தவங்க கோட்டு மேலதான் விழுது. நீயும் ஒருதடவை ஓட்டிப் பார், என்னை நம்பாத. திங்கக்கிழமை போர்டுல பழைய கோட்டை வரையாத. சாருக்குச் சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டு, பேசாம மட்டும் இருக்காத. நீ பஸ் ஏறறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டன்னு எனக்குத் தெரியணும். சீக்கிரம் பதில் போடு.