உட்கார்ந்திருந்த வருடங்கள்

மார்ச் 3, செவ்வாய்
ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் இன்று வெளுத்து வாங்கிவிட்டேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர்களுக்கு, அந்த வருடங்களையும் பென்ஷன் கணக்கில் சேர்க்கலாமா என்று அரசு கருத்துக் கேட்டிருக்கிறது. "வேலை பார்த்தவனுக்கும் வீட்ல உக்காந்திருந்தவனுக்கும் ஒரே கணக்குன்னா, நாம எதுக்கு முப்பது வருஷம் பஸ்ல தொங்கினோம்?" என்றேன். ஒரே சிரிப்பு, கைதட்டல். சேர்க்கக் கூடாது என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நானே வாசிக்க வேண்டுமாம்.

மார்ச் 5
அக்கா போன் செய்தாள். "நல்லா பேசினியாமே." அவ்வளவுதான். என் முட்டிவலியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.
அப்போதுதான் உறைத்தது. சத்தியமாக, மேடையில் அவள் ஞாபகமே எனக்கு வரவில்லை. இதைவிடக் கேவலம் உண்டா?

மார்ச் 6
அப்பா படுத்த படுக்கையானபோது அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குச் சம்பளமில்லா விடுப்புப் போட்டவள் அக்கா. நாலு வருஷம். எனக்குப் பதவி உயர்வு வந்ததும் அந்த நாலு வருஷத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போவேன், அப்பாவின் காலைத் தொட்டுப் பார்ப்பேன், சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். 'பிள்ளைன்னா இப்படி இருக்கணும்' என்பார்கள் பக்கத்து வீட்டில். நானும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு
அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த நாலு வருஷம் சேராத பென்ஷன் பத்தவில்லை என்று இந்த வயதிலும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறாள். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.
"நீ ஒண்ணும் பொய் சொல்லலயேடா. உக்காந்துதான் இருந்தேன், அப்பா கட்டில் பக்கத்துல. நான் எழுந்தா கத்துவாரு."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

மார்ச் 10
உடம்பு சரியில்லை, தீர்மானம் வாசிக்க வர முடியாது என்று சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டால் என்ன? — சீ, நானெல்லாம் ஒரு தம்பி!

மார்ச் 17, செவ்வாய்
தீர்மானத்தை வாசிக்கவில்லை. அக்காவைப் பற்றிச் சொன்னேன், என் ஞாயிற்றுக்கிழமைப் பழம் உட்பட. நாக்கு குழறியது. "உங்க அக்காவுக்கு மட்டும் தனிச் சட்டமா சார்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது.
அப்போது பின்வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். "எனக்கு மூணு வருஷம். மாமியாருக்குப் பக்கவாதம்." அடுத்து ஒரு டைப்பிஸ்ட் அம்மா. "எனக்கு ரெண்டு. பையனுக்கு நடக்க வராது." சிரிப்பு அடங்கியது. தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள்.
வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டேன். போன கூட்டத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாமே?
"நீங்க அவ்வளவு நல்லா பேசினீங்க சார். ஏதோ திருடிட்டு வந்து உக்காந்திருக்கிற மாதிரி, எங்களுக்கே வெக்கமாப் போச்சு."