பவளத்தின் கன்றும் உன் நீலக் கம்பளிச் சட்டையும்

லுணுகலை,
சனிக்கிழமை காலை

அன்பு மகன் ஜொனிக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி நிஷாலினியும் சுகமாக இருக்கிறோம், ருமேனியாப் பனிக்குள்ளே நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் தினம் செபம் பண்ணுகிறேன். போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நான் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு காதைக் கொடுக்கிறார், அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விடுகிறாரா? பசறை றுஸைனாவின் மகன் பஸீல் உன் ஊருக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்பும் மிளகாய்த்தூள் பைக்குள் இதை வைக்கிறேன். தும்மிக்கொண்டே படி.

நம் பவளம் போன செவ்வாய்க்கிழமை கன்று போட்டாள். மூன்று நாளாக மழையும் காற்றும், மாட்டை வெளியே விடவேண்டாம் என்று உன் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கன்று போட இன்னும் ஒரு கிழமை கிடக்கு, எனக்குத் தெரியாத மாடா என்று மேய விட்டுவிட்டார், அவர் என்னமோ மாட்டு வைத்தியசாலையில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி. மழை வலுத்து மத்தியானத்தோடு கொழுந்து பறிப்பதை நிறுத்தி எங்களுக்கு வேலை விட்டார்கள். லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அப்பா தோளில் ஒரு ஈரக் கன்றைப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வருகிறார், பின்னாலேயே பவளம் கத்திக்கொண்டு வருகிறாள். தேயிலை மலை ஓரத்துச் சேற்றிலே போட்டிருக்கிறாள், தாய் நக்கித் துடைத்தாலும் மழை விடுமா, எவ்வளவு நேரம் கிடந்ததோ. கன்று நடுங்கக்கூட இல்லை ஜொனி, தலை தொங்கிவிட்டது.

அப்பா பதறிப்போய் சோடாப் போத்தலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அப்படியே கன்றின் வயிற்றோடு வைத்துவிட்டார். விறைத்துப்போன உடம்பு, சுட்டாலும் அது உதறவில்லை. நான் போத்தலை எடுத்தபோது அந்த இடம் சிவந்து கிடந்தது. பிறகு பாலைப் பீச்சி வாயில் ஊற்றப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுச் சிவஞானம் அண்ணன் எட்டிப் பார்த்து அப்பாவிடம், ஆம்பளக் கண்ணுதானே யேசு, பாலா கறக்கப்போகுது, எதுக்கு இந்தப் பாடு, விட்டுரு என்றார். அதற்கு அப்பா சொன்னதைப் பிறகு எழுதுகிறேன்.

நிஷாலினிதான் மிருக வைத்தியர் ரிஸ்கா மிஸ்ஸுக்குப் போன் பண்ணினாள். போன மாதம் அந்தப் பிள்ளையை, நேத்துப் படிச்சு முடிச்ச சின்னப் புள்ள, மாட்டைப் பத்தி என்ன தெரியும் என்று சொன்னவர் உன் அப்பா. மழையிலே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள், உள்ளேயும் குளிர்ந்து கிடந்ததாம். சப்பத் தெரியாத கண்ணுக்குப் பாலை ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிரும் அங்கிள், முதல்ல உடம்பு சூடாகணும் என்றாள். நாம் உடுப்பு ஊறப்போடும் பெரிய தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, தலையை வெளியே பிடித்துக்கொண்டு கன்றை இறக்கினோம். அப்பா முழங்கையை விட்டு விட்டுச் சூடு பார்க்கிறார், உன்னைக் குளிப்பாட்டிய காலத்தில் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர்! சாக்கால் ஈரம் போகத் துடைத்தோம். நீ விட்டுப்போன நீலக் கம்பளிச் சட்டையை, கைக்குள் முன்னங்காலை விட்டு, அதற்கு மாட்டிவிட்டோம். கோபிக்காதே, உன்னைவிட அதற்குத்தான் அளவு சரி. ஒரு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கியது, நடுங்கினால் நல்லதாம். பிறகு மிஸ்ஸின் விரலையே சப்பியது. சீம்பாலைச் சூடு பதமாக்கிப் போத்தலில் கொடுத்தோம், பொழுது சாய்வதற்குள் எழுந்து நின்று, அப்பா காலிலேயே மூத்திரம் பெய்தது.

சுட்ட இடத்துத் தோல் உரிந்துவிட்டது, மருந்து போடுகிறோம், அங்கே இனி முடி முளைக்காதாம். போத்தலைத் துணி சுத்தித்தான் வைக்கணும் அங்கிள் என்று மிஸ் கண்டிப்பாகச் சொன்னபோது உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க மிஸ், என் புத்திதான் என்றார். அவர் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உனக்கும் சொல்கிறேன், கால் விறைத்தால் ஹீட்டரில் கொண்டுபோய் ஒட்டாதே, ஈரக் காலுறையை மாற்று.

இப்போது அந்தப் பேச்சு. விட்டுரு என்ற சிவஞானம் அண்ணனை அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் ஆம்பளப் புள்ளயும்தான் எங்கயோ குளிருல கெடக்குறான், அவனை எவனாச்சும் விட்டுருன்னா எனக்கு எப்படி இருக்கும் என்றார். விசா வந்த பிறகுதான் அவரிடம் சொன்னாய் என்று இரண்டு வருசமாக உன் பெயரைச் சொல்லாத மனிதர், போனை நீட்டினால் ம் என்று திருப்பித் தருகிற மனிதர். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், புகைதான் என்று வைத்துக்கொள். இதை உனக்கு எழுதினேன் என்று தெரிந்தால் மூன்று நாள் சாப்பிடமாட்டார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு பூசையை விடாதே. வந்து இறங்கிய கையோடு பஸீலுக்கு ஒரு நல்ல குளிர்ச்சட்டை வாங்கிக் கொடு, பிள்ளை மெல்லிசு. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, அம்மாவின் முத்தங்கள்.

உன் அம்மா,
அற்புதமலர்

பி.கு: ஒளித்து வைத்தும் கண்டுபிடித்துவிட்டார். முழுவதையும் படித்தார், பேனாவைக் கேட்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

ஜொனி, கண்ணுக்கு இன்னும் பேரு வைக்கல. நீ சொல்லு. அம்மாகிட்ட இல்ல, என்கிட்ட.
அப்பா