மூன்றடுக்கு கேரியர்

உன் டிபன் கேரியரை இன்று காலையில்தான் திறந்தேன். ஆசிரியர் அறை அலமாரியில், வியாழக்கிழமை நீ வைத்த இடத்திலேயே இருந்தது. மேல் அடுக்கில் என் வீட்டு அவியல், கீழே உன் உளுந்தஞ்சோறு. கெட்டுப்போன வாடை முகத்தில் அடித்தது. அன்று காலையில் பஸ்ஸில் என் தோளை இடித்துச் சிரித்துக்கொண்டு வந்தவள், இரண்டாம் பீரியடில் சரிந்து, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இல்லாமல் போனாள் என்றால் எப்படி நம்புவது? உன் சாவுக்கு வந்து அழுதுவிட்டுப் போனேன், அப்போதும் நம்பவில்லை.

ஒரு கேரியரில் இரண்டு வீட்டுச் சாப்பாடு, அதுதான் நம் ஏற்பாடு. குற்றாலத்திலிருந்து நீ இரண்டு அடுக்கோடு வருவாய். தென்காசி பஸ் ஸ்டாண்டில் நான் என் அடுக்கைத் தருவேன். பண்பொழி பஸ்ஸில் உட்கார்ந்ததும் மடியில் வைத்து மூன்றையும் மாட்டிக் கொக்கியை அமுக்குவாய்.

"உன் அடுக்கு வராட்டி இது பூட்டாதுட்டி. குத்தாலத்துலேர்ந்து கலகலன்னு ஆடிட்டேல்லா வருது" என்பாய்.

அதையே இரண்டாம் வகுப்புக்குப் பாடமாக்கினாய். கேரியரைப் பிடித்திருப்பது கொக்கி, கதவைப் பிடித்திருப்பது கீல், பாட்டில் மூடியைப் பிடித்திருப்பது திருகு மரை. எதையும் கழற்றிக் காட்டாமல் உனக்கு இருப்புக் கொள்ளாது. ஹெச்.எம். நாற்காலியின் திருகைக் கழற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்தாய். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. "பிள்ளைகளுக்கு நல்லா வெளங்கிட்டு சார்" என்று நின்றாய்.

இன்று உன் வகுப்புக்கு அவர் என்னைத்தான் அனுப்பினார். பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கழுவிய கேரியரை எடுத்துப்போய், நீ விட்ட பாடத்தையே தொடங்கினேன். முன்னால் இருந்த சின்னப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"மாட்டுனதைக் கழட்டலாம், திரும்ப மாட்டலாம். ஒட்டுனதைப் பிரிச்சா பிஞ்சிரும். எங்க டீச்சர் சொல்லியிருக்காவ" என்றாள். பிறகு, "டீச்சர் நாளைக்கு வருவாவளா?"

"வரமாட்டாவ" என்றேன். என் வாயிலிருந்து அதைக் கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளைதான் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

சாயங்காலம் கேரியரை உன் வீட்டுக்காரரிடம் கொடுக்கப் போனேன். அவர் அதைத் தொடவே இல்லை. "நீங்களே வச்சுக்கிடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

இப்போது என் அடுக்களை மேடையில் இருக்கிறது. நாளைக்கு ஒருத்திக்குத்தானே சோறு என்று என் அடுக்கை மட்டும் கம்பியில் மாட்டிப் பார்த்தேன். கொக்கி பிடிக்கவில்லை, ஆடியது. உன் இரண்டு அடுக்கையும் துடைத்துக் காலியாகவே அடியில் வைத்தேன். உடனே பூட்டிக்கொண்டது. இனி அப்படியேதான் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.