கும்பிடப் போய் வாங்கிய குத்து

என் சாமி மோகன்குமாருக்கு,

அப்பத்தா ராமாயி எழுதுவது. ராய்ப்பூர் வெயிலில் என் முழங்கால் வலிகூடக் குறைந்துவிட்டது. நீயும் உன் அப்பனும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் இந்தப் பேச்சை எடுத்தால் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சமைக்கும் போர்வெல் ரிக் கம்பெனி மெஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தான். புருவத் தழும்பைப் பார்த்ததுமே தெரிந்தது, ஆத்தூர் பூபதி! ஆறு வருடம் முன் சேலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை இறுதிப் போட்டியில், உன் கால் அவன்மேல் பட்டுவிட்டதென்று நீ அவனைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தபோது தாடையில் குத்தினானே, அவனேதான். இந்தியாவுக்கே ஆடுவாய் என்றார்கள். நீ அன்றோடு கையுறையைக் கழற்றிவிட்டு முட்டை வண்டி ஓட்டப் போனாய். அப்படிக் கும்பிடப் பழக்கியவள் நான். மறப்பேனா? மூன்று நாள் அவனுக்குக் கறியில்லாத குழம்புதான் ஊற்றினேன்.

நாலாம் நாள் கேட்டான். “ஏனுங்காத்தா, எனக்கு மட்டும் வெறுங்கொழம்பா?”

“மோகன்குமாரோட அப்பத்தா நானு. குனிஞ்சவனைக் குத்துனவனுக்கு இது போதுஞ் சாமி.”

தட்டைக் கீழே வைத்துவிட்டான். “அன்னைக்கு அவன் குனியலீன்னா அடுத்த குத்துல நான் படுத்திருப்பேனுங்க. அந்தக் கப்பைப் பார்த்தாலே வெக்கமா இருக்குது.”

அப்புறம் கறி போட்டேன், எலும்பாகப் பார்த்து.

பொங்கலுக்கு வந்து உன்னோடு மறுபடி மோத வேண்டுமாம். சரியென்று நானே சொல்லிவிட்டேன்.

செக்கு எண்ணெய் ஒரு பாட்டிலும் உன் போட்டோ ஒன்றும் கொடுத்தனுப்பு. வண்டிகள் போய்விட்டால் இங்கே தமிழில் திட்டக்கூட ஆளில்லை.

கடிதம் கொண்டுவரும் லாரி ஹாரன் அடிக்கிறது. சாமி, இந்த முறை கால் பட்டால் முதலில் குத்து, அப்புறம் கும்பிடு.

அப்பத்தா