உள்ளேன் சிஸ்டர்

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவும் நானும் சுகம். நீங்கள் காவல் வேலைக்கு அந்த ஊருக்குப் போன பிறகு இங்கே ரேடியோ கத்துவதில்லை. அதற்கும் சேர்த்து அம்மா கத்திக்கொள்கிறாள். தையல் கடையில் எனக்குக் காஜா எடுக்கும் வேலை போய்விட்டது. இப்போது காலர் வைக்கிறேன்.

பட்டன் வாங்கப் போனபோது முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையை எட்டிப் பார்த்தேன். எச்.ஐ.வி. பிரிவு சிஸ்டர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "எங்கேம்மா உன் மாமா? ரெண்டு தடவையா பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போச்சு" என்றார். பட்டாளத்தில் லாரி ஓட்டினாரே, உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர், "புது ஊர்ல துரை ஆயிட்டார் போல" என்றார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் ஊமைக்கோட்டான்

*

மார்ச் 11

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

காலர் வைக்கிறாயா? போட்டுக்கொள்கிறவன் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் விடு.

நான் ஜோராக இருக்கிறேன். துணிக்கிடங்கில் காவல். அறையில் ஆறு பேர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஷெல்ஃப், அதற்குக் கதவு கிடையாது. யார் சோப்பை யார் தேய்க்கிறார்கள் என்றே தெரியாது. ஆனால் நல்ல ஆட்கள்.

மாத்திரை விஷயம். கடைசிப் பரிசோதனைத் தாளை நீதானே படித்துக் காட்டினாய்? வைரஸ் கண்டறியப்படவில்லை. எதிரியைக் காணோம் என்றால் பட்டாளம் வீடு திரும்ப வேண்டியதுதான். கையிலிருந்த மாத்திரை தீர்ந்ததும் நானும் சண்டையை முடித்துக்கொண்டேன். சிஸ்டரைத் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல். அக்காவிடம் மூச்சு விடாதே.

மாமா

*

மார்ச் 17

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவிடம் சொல்லவில்லை. சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். சண்டையை முடித்த கதையைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "காணோம்னா போயிடுச்சுன்னு அர்த்தமில்லம்மா. மாத்திரை அதைப் புடிச்சு அமுக்கி வெச்சிருக்கு. கையை எடுத்தா எழுந்து வந்துடும்" என்றார். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் பிறகு பழைய மாத்திரைக்கு அடங்காமலும் போகலாமாம். இப்போதே திரும்பி வந்தால் கட்டாயம் சமாளிக்கலாம் என்று அடித்துச் சொன்னார்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரிதான் எனக்கு உண்மையாகப் பட்டது. ஷெல்ஃபுக்குக் கதவு இல்லை.

அதற்கு வழி இந்தப் பார்சலில் இருக்கிறது. உங்கள் அளவுக்குக் காக்கிச் சட்டை தைத்திருக்கிறேன். இடது பைக்குள் இன்னொரு பை. வெளியே தையல் தெரியாது. மாத்திரை சலசலக்காமலிருக்க உள்ளே மெத்தென்று துணி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரிலும் இதே மாதிரி மருத்துவமனை இருக்கிறது. சிஸ்டர் பேசி உங்களை அங்கே மாற்றிவிட்டார். மார்ச் 26, காலையில் போக வேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள்.

முதல் தடவை இங்கே கூப்பிட்டபோது நீங்கள் அசையாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பதற்றத்தில் நான் எழுந்து, "உள்ளேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் டீச்சர்" என் தொண்டையைத் தாண்டாமலே பாதி நாள் ஆப்சென்ட் வாங்கியவள் நான். லாரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து தன் முறை வந்ததும் அவரும் அதையே சொன்னார். இப்போது ஹாலில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உங்கள் பெயருக்கு மட்டும்தான் சத்தம் இல்லை.

அங்கே உங்கள் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். நீங்களேதான் சொல்ல வேண்டும். சொல்வீர்கள் என்று தெரியும். தெரியாவிட்டால் இவ்வளவு நல்ல துணியை வெட்டியிருப்பேனா?

உங்கள் ஊமைக்கோட்டான்

*

மார்ச் 27

ஊமைக்கோட்டானுக்கு,

சட்டை கச்சிதம். காலரில் மூச்சுவிட இடமும் இருக்கிறது. உள்பையை அறையில் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. சின்னவன் மட்டும், "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டீங்க, யாரைப் பார்க்க?" என்றான். சிஸ்டரை என்றேன். "கூடப் பொறந்தவங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கிறது. பெயரைக் கூப்பிட்டதும் அதைத்தான் பார்த்தேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று சொன்னேன். பரேடு மைதானத்துக் குரல் வந்துவிட்டது. சிஸ்டர் பேனாவைக் கீழே போட்டார். மூலையில் கைத்தடியோடு ஒருவர் சிரித்தார். அடுத்த பெயர் அவருடையது. அவர் என்ன சொன்னார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை பைக்குள் பத்திரம். இனி ஒவ்வொரு முறை போய் வந்ததும் உனக்கு ஒரு கார்டு போடுகிறேன். ஒரே வார்த்தைதான் இருக்கும். தபால்காரர் படித்தாலும் பாதகமில்லை.

மாமா

*

ஏப்ரல் 24

உள்ளேன்.

மாமா