பச்சை விழுந்ததும் அப்பா தலையாட்டிய கதை

அன்புள்ள பிரிட்டா,

நானும் அப்பாவும் நலம், நாயும் நலம், மூன்று பேருக்கும் எடைதான் கூடியிருக்கிறது. பீனிக்ஸ் வெயில் உன்னை வாட்டாமல் இருக்கிறதா? இங்கே சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட் கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டது, ரோடெல்லாம் சேறும் லாரியிலிருந்து உருண்ட கிழங்கும்தான், காலையில் துடைத்த கார் மதியம் என்ன நிறமென்று தெரியாது. உன் சித்தி ஜோன் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், படுத்த இடத்திலிருந்தே எல்லாரையும் விரட்டுகிறாள், அதனால் தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்.

இப்போது உன் அப்பா கதைக்கு வருகிறேன். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு, விபத்தில் மாட்டாமல் வண்டி ஓட்டுவது எப்படி என்று நூலகத்தில் அரை நாள் வகுப்பு வைத்தார்கள், நான் அவரைக் கேட்காமலே எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். "முப்பத்தோரு வருஷம் பனியில தபால் கொண்டு போனவன் நான், வண்டியில ஒரு கீறல் கிடையாது, எனக்கே பாடமா? அடுத்த வாரம் நடக்கச் சொல்லித் தருவாங்களா?" என்று போகிற வழியெல்லாம் முணுமுணுப்பு. பாடம் எடுத்தது நெடுஞ்சாலைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற கோனி என்ற பெண், ஆள் குள்ளம், குரல் மட்டும் மணி மாதிரி. முன்னால் போகிற வண்டியோடு ஒட்டாதே, நிற்கும்போது அதன் பின் டயர் தரையில் படுகிற இடம் உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பச்சை விழுந்தாலும் உடனே பாயாதே, இடது, வலது, மறுபடி இடது பார்த்துவிட்டுக் கிளம்பு என்றாள். அப்பா கையைத் தூக்கி, "பச்சைன்னா நம்ம முறைதானே?" என்று கேட்டார். அவள் அசரவே இல்லை. "உங்க முறைதான் சார். ஆனா அது எதிர்ல வர்றவனுக்கும் தெரியணுமே" என்றாள். வகுப்பே சிரித்தது, உன் அப்பா காது சிவந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஜோனைப் பார்க்க சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பெரிய ரோட்டுச் சிக்னலில் பச்சை விழுந்தது. இவர் கிளம்பவில்லை. என்னைக் கேலி செய்ய, கோழி மாதிரி கழுத்தை நீட்டி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், "போதுமா டீச்சரம்மா, இன்னொரு தடவை பாக்கட்டுமா?" என்று மறுபடி இடது பக்கம் திரும்பினார், திரும்பினவர் அப்படியே இருந்துவிட்டார். மேலே குவிய பீட் ஏற்றிய லாரி ஒன்று சிவப்பில் நிற்காமல் எங்கள் மூக்குக்கு முன்னால் போனது. கார் ஆடியது, சூப்பு என் மடியில். பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் கூட அடிக்கவில்லை. கிளம்பியிருந்தால் அது இடித்திருப்பது ஸ்டீயரிங் இருக்கிற இடது பக்கம், அப்பா பக்கத்துக் கதவைத்தான் பிரிட்டா. அந்தக் கதவை இப்போதும் ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்க்கிறேன்.

லாரி சற்றுத் தள்ளி ஓரமாக நின்றது. அப்பா காரைக் கொண்டுபோய் அதன் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கினார், அந்த நடையைப் பார்த்ததும் இன்றைக்கு அடிதடிதான் என்று நானும் பின்னால் ஓடினேன். லாரிக்காரனுக்கு நாற்பது வயதிருக்கும், பெயர் டாரல், பள்ளி வாத்தியார், அறுவடைக்கு மட்டும் லாரி ஓட்டுகிறவன். முகம் வெளிறிப்போயிருந்தது. "ஒரு நொடிதான் சார். அம்மா கூப்பிட்டாங்க. எடுக்கலன்னா பயந்துடுவாங்கன்னு போனைப் பாத்தேன்" என்றான், சொல்லும்போதே போன் நழுவிக் கீழே விழுந்தது. திட்டப் போன உன் அப்பா அதை எடுத்துச் சேற்றைத் துடைத்து அவன் கையில் கொடுத்து, "மொதல்ல அம்மாவைக் கூப்பிடு. இங்கயே நின்னு பேசு. பேசி முடிச்சிட்டு வண்டியைத் தொடு" என்றார். அவன் பேசி முடிக்கிறவரை நாங்களும் நின்றோம். ஜோன் வீட்டுக்கு வெறும் ரொட்டியோடுதான் போனோம், அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினோம்.

நல்லவன்தான் அந்த டாரல். அவன் அம்மாவும் நல்லவளாகத்தான் இருப்பாள், மகன் சாப்பிட்டானா என்று கேட்கத்தான் கூப்பிட்டாளாம். அன்றிலிருந்து எனக்கு நெஞ்சில் உறுத்தல். தினமும் ஐந்தரைக்கு நீ ஆஸ்பத்திரி வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டு போகிற நேரம் பார்த்துத்தானே நான் கூப்பிடுகிறேன், அப்போதுதான் என் மகள் தனியாகக் கிடைப்பாள் என்று. ஆறு வருஷமாக அந்த லாரிக்காரன் அம்மா நான்தான். நான்கு நாளாக ஏன் கூப்பிடவில்லை என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

இனி ஐந்தரைக்கு என் போன் வராது. யார் கூப்பிட்டாலும் ஓட்டும்போது எடுக்காதே, நானே மறந்துபோய்க் கூப்பிட்டாலும் எடுக்காதே, எடுத்தால்தான் எனக்குக் கோபம் வரும். வீட்டுக்குப் போ, ஷூவைக் கழற்று, தண்ணீர் குடி, பிறகு நீ கூப்பிடு. உன் கார் பின் டயர் இரண்டும் தேய்ந்திருக்கிறது என்று போன தடவை நீ இங்கே வந்தபோதே சொன்னாராம் அப்பா, மாற்றிவிட்டாயா என்று கேட்கச் சொன்னார். கடவுள் உன் கூடவே இருக்கட்டும் கண்ணே, உன் சமையலையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

எத்தனை மணியானாலும் போன் பக்கத்தில் இருப்பேன்,
உன் அம்மா,
மார்லிஸ்