பஸ்ஸை ஒட்டி ஓட்டினவன்

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

நீயும் மகளும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். போன்ல சொன்னா அழுவ, அதான் எழுதுறேன்.

கடைச் சாமான் கொண்டு போகும்போது முன்னால போன பஸ்ல மோதி சைக்கிளோட விழுந்துட்டேன். பசறை மலை வளைவுகள்ல பஸ்ஸுக்குப் பின்னாலயே ஒட்டிப்போய் சைக்கிள் ரேஸுக்குப் பழகினவன் இல்லையா? கொழும்பு பஸ் கைகாட்டின இடத்துலயெல்லாம் நிக்கும்னு இந்தச் சாம்பியனுக்குத் தோணல. "டிக்கெட் எடுக்காம ஏறப் பாத்தீங்களா?"ன்னு ஜஸீல் முதலாளி ஆஸ்பத்திரியில வந்து சிரிக்க வச்சாரு.

முழங்கால் இனி முழுசா மடங்காதாம். நடக்கலாம், பயப்படாத. மிதிக்கத்தான் முடியாது.

என் கம்பளிச் சட்டையைக் குடுத்தனுப்பு. இங்க குளிரே இல்ல, ஆனாலும் வேணும்.

சித்திரை ரேஸுக்குப் பேர் எழுத விஜேந்திரன் நம்ம தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருவான். வருஷா வருஷம் கடைசியா வந்தாலும் என் பேரைத்தான் முதல்ல எழுதுவான். இந்த வருஷம் வேணாம்னு சொல்லு. அடுத்த வருஷமும் கேக்க வேணாம்னு சொல்லிடு.

மருந்து கட்ட வாராங்க, நிறுத்துறேன்.

உன் சிவஞானம்